பெங்களூரில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனி வேலை: விளம்பரத்தைப் படிப்பதிலிருந்து வரி கட்டுவது வரை

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊர் பஸ்ஸுக்காக நிற்கும்போது இந்தப் பேச்சு தவறாமல் வரும். தீபாவளிக்கு முந்தின வாரம் சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, நீங்க வீட்ல இருந்தே ஜெர்மன் கம்பெனிக்குப் பாக்குறீங்கல்ல, எந்த வெப்சைட்ல போட்டீங்க? லிங்க் மட்டும் அனுப்புங்க." பஸ் ஓசூர் தாண்டுகிற வரைக்கும் பேசினேன். அவன் கேட்ட லிங்க் மட்டும் அந்தப் பேச்சில் வரவேயில்லை. கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் தூங்கிவிட்டான். அவனுக்குச் சொன்னதையும், தூங்கிவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மதுரைப் பக்கம் ஊர், அல்சூரில் வாடகை வீடு. முதலில் கான்ட்ராக்டராக, பிறகு சம்பளக்காரனாக, இரண்டு விதமாகவும் வெளிநாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறேன். உதாரணங்கள் என் தொழிலிலிருந்து வரும். ஆனால் டிசைனர், கணக்கர், எழுதுகிறவர், கஸ்டமர் சப்போர்ட் பார்க்கிறவர் யாருக்கும் பாதை கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: எந்த வாசல் வழியாக உள்ளே போகப்போகிறீர்கள்

பெங்களூருக்கு வெளிநாட்டுக் கம்பெனி புதிதல்ல. 1985-லேயே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே டிசைன் சென்டர் திறந்து, சாட்டிலைட் இணைப்பு வைத்து அமெரிக்காவுக்கு வேலையை அனுப்பத் தொடங்கியது. இன்று அவுட்டர் ரிங் ரோடு நெடுக நிற்பவை அதற்குப் பின்னால் வந்தவைதான். ஆனால் அங்கே கிடைப்பது, போர்டில் எந்த நாட்டுப் பெயர் இருந்தாலும், இந்திய வேலை: இந்தியத் துணை நிறுவனம், ரூபாய்ச் சம்பளம், ஃபார்ம் 16 என்ற வருமானவரிச் சான்று, பி.எஃப். நான் சொல்வது இந்தியாவில் ஒரு நாற்காலிகூட இல்லாத கம்பெனியைப் பற்றி.

அப்படிப்பட்ட கம்பெனி உங்களை எடுக்கப் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, கான்ட்ராக்டர். நீங்கள் ஒரு தனித் தொழில் நடத்துபவர். மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்புவீர்கள். அவர்கள் பணம் அனுப்புவார்கள். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடையாது, லீவு எடுத்தால் பெரும்பாலும் காசும் கிடையாது. இன்னொன்று, எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட். சுருக்கமாக ஈ.ஓ.ஆர். டீல், ரிமோட், ஆய்ஸ்டர், மல்டிப்ளையர் மாதிரி ஒரு நிறுவனம் காகிதத்தில் உங்கள் முதலாளியாக இருக்கும். வேலை வாங்குவது வெளிநாட்டுக் கம்பெனி. இந்தியச் சட்டப்படி சம்பளச் சீட்டு, டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரி), பி.எஃப். எல்லாம் உண்டு. இதற்காக வெளிநாட்டுக் கம்பெனி ஒரு தலைக்கு மாதம் சில நூறு டாலர் கூடுதலாகக் கட்டுகிறது. அதனால்தான் சின்ன கம்பெனிகள் கான்ட்ராக்டர் என்றே ஆரம்பிக்கின்றன.

அப்வொர்க், டாப்டல் போன்ற சந்தைகள் வழியாகப் போனாலும் நீங்கள் கான்ட்ராக்டர்தான். நடுவில் ஒருவர் பங்கு எடுத்துக்கொள்கிறார், அவ்வளவே.

எது நல்லது என்று கேட்டால், வீட்டில் வயசான அப்பா அம்மா, நடந்துகொண்டிருக்கும் வீட்டுக் கடன் இதெல்லாம் இருந்தால் ஈ.ஓ.ஆர். வாசலை முதலில் தட்டுங்கள். தனி ஆளாக இருந்து, ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பும் இருந்தால் கான்ட்ராக்டர் வழியில் கையில் நிற்கும் பணம் அதிகம். எந்த வழியானாலும், இருக்கிற வேலையை விடுவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸை முடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி குரூப் பாலிசியிலிருந்து தனி பாலிசிக்கு மாறுவதைப் பற்றி இன்ஷூரன்ஸ்காரரிடம் கடைசி வேலை நாளுக்கு முன்பே பேசுங்கள். ராஜினாமா செய்து ஒரு மாதம் கழித்து ஞாபகம் வந்தால் அப்பாவின் சர்க்கரைக்குப் புதிதாகக் காத்திருப்புக் காலம் ஆரம்பிக்கும்.

படி 2: ‘இடம்’ என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள்

நூறு பேர் விண்ணப்பித்தால் பாதிப் பேர் விழுவது இந்த வரியில்தான். ‘ரிமோட்’, அதாவது வீட்டிலிருந்தே செய்யும் வேலை, என்று பார்த்ததும் பட்டனை அழுத்திவிடுகிறோம். அதற்குப் பக்கத்தில் சின்னதாக என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

‘ரிமோட், யு.எஸ். ஒன்லி’ என்றால் அமெரிக்காவில் வசித்து அங்கே வேலை செய்ய அனுமதி உள்ளவர் மட்டும். எவ்வளவு நல்ல ரெஸ்யூமே அனுப்பினாலும் பயனில்லை. சம்பளப் பட்டியல், வரி, வாடிக்கையாளர் தரவு எந்த நாட்டைத் தாண்டக்கூடாது என்ற ஒப்பந்தம் இப்படி ஒரு காரணம் பின்னால் இருக்கும். இந்தியாவில் ஒரே ஒரு ஆளை வைத்தாலும், ‘இங்கே உங்களுக்கு நிரந்தர அலுவலகம் இருக்கிறது, வரி கட்டு’ என்று வருமானவரித் துறை கேட்டுவிடுமோ என்று அவர்கள் வக்கீல்கள் பயப்படுவதும் உண்டு. ‘இ.எம்.இ.ஏ.’ என்றால் ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா. இந்தியா அதில் இல்லை, நாம் ‘ஏபாக்’, அதாவது ஆசியா-பசிபிக். ‘வேர்ல்ட்வைட்’ என்றால் கதவு திறந்திருக்கிறது. ‘ஜெர்மன் நேரத்தோடு நான்கு மணி நேர ஓவர்லாப்’ (இரு தரப்பும் ஒரே சமயத்தில் வேலையில் இருக்கும் நேரம்) என்றால் கொண்டாடுங்கள், பெங்களூருக்கு அது சாயங்கால வேலைகூட இல்லை, மதிய வேலை.

‘இ.எம்.இ.ஏ.’ என்று போட்டிருப்பதற்குக் காரணம் சில சமயம் நேரம் மட்டும்தான். அப்போது ஒரே வரியில் கேட்டுவிடலாம்: "நான் பெங்களூரில் இருக்கிறேன், உங்கள் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை ஆன்லைனில் இருப்பேன், இந்தியாவிலிருந்து எடுப்பீர்களா?" இப்போதைய வேலை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. விளம்பரத்தில் இந்தியா என்ற வார்த்தையே இல்லை.

நேரக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். பெர்லினில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. லண்டன் 9 மணி நமக்கு 1.30 அல்லது 2.30. நியூயார்க் 9 மணி மாலை 6.30 அல்லது 7.30, அங்கே ஆபீஸ் முடியும்போது நமக்கு விடியற்காலை 2.30, 3.30. கலிஃபோர்னியா 9 மணி இரவு 9.30 அல்லது 10.30. சிங்கப்பூர்க்காரர் 9 மணிக்கு உட்கார்ந்தால் நாம் 6.30-க்கு உட்கார வேண்டும். கலிஃபோர்னியா நேரத்துக்கு முழு ஷிஃப்ட் பார்த்து மூன்று வருஷம் ஓட்டிய நண்பர் இருக்கிறார். சம்பளம் நல்ல சம்பளம். பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது இவர் படுப்பார். கல்யாணமானவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 3: ரெஸ்யூமேயிலிருந்து எதை வெட்ட வேண்டும்

நம் ரெஸ்யூமேக்களில் சேர்க்க வேண்டியதைவிட நீக்க வேண்டியதே அதிகம். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணமானவரா இல்லையா, மதம், நிரந்தர முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்று ஊர், தேதி, கையெழுத்தோடு ஒரு டிக்ளரேஷன் வைப்போமே, அதையும். பாலிடெக்னிக்கில் கற்றுக்கொடுத்த பழக்கம். வெளிநாட்டில் பார்ப்பவருக்கு அது கோர்ட் பத்திரம் மாதிரி தெரியும்.

லட்சம், கோடி புரியாது. ‘12 லட்சம் பயனர்கள்’ என்பதை ‘1.2 மில்லியன்’ ஆக்குங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனி பெயரைவிட, அங்கே யாருக்காக என்ன செய்தீர்கள் என்பது முக்கியம். ‘டீம் செய்தது’ என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். அவர்களுக்கு நீங்கள் செய்தது வேண்டும்.

நம் ஆபீஸ் ஆங்கிலம் வேறு ஒரு தனி மொழி. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் நமக்கு ‘ஒரு கேள்வி இருக்கிறது’. அங்கே உள்ளவருக்கு ‘நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’. ‘ப்ரீபோன்’, ‘டூ த நீட்ஃபுல்’, ‘பாஸ்டு அவுட் இன் 2014’ எல்லாம் இந்த ரகம். கடைசியாகச் சொன்னதைப் படித்து மயக்கம் போட்டுவிட்டாயா என்று ஒரு ஐரிஷ்காரர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

நோட்டீஸ் பீரியட் ஒரு தனித் தலைவலி. இங்கே மூன்று மாதம் சாதாரணம். இரண்டு வாரத்தில் ஆள் வருவதைப் பார்த்துப் பழகிய அமெரிக்கக் கம்பெனிக்கு அது நம்பமுடியாத சங்கதி. கடைசியில் சொல்லி ஏமாற்றாமல், முதல் பேச்சிலேயே ‘என் ஒப்பந்தப்படி 90 நாள், பணம் கட்டிக் குறைக்க வழியிருக்கிறது’ என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

படி 4: உங்கள் வேலையை இணையத்தில் கண்ணுக்குத் தெரிய வையுங்கள்

எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் உங்களோடு டீ குடிக்கப்போவதில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் உங்களை எடைபோடுவார். வேலை கிடைத்த பிறகும் அப்படித்தான். கிட்லாப் நிறுவனம் தன் கம்பெனி நடத்தும் முறை முழுவதையும் கைப்புத்தகமாக இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் படியுங்கள். மீட்டிங் இல்லாமல் எழுத்தால் ஒரு கம்பெனியை எப்படி ஓட்டுகிறார்கள் என்று புரியும். உங்களிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது.

டெவலப்பர் என்றால் கிட்ஹப்பில் பத்து அரைகுறை ப்ராஜெக்ட்டைவிட, யாரோ பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டு சின்ன திருத்தம் மேல். டெஸ்டருக்கு இன்னும் சுலபம்: நல்ல பக் ரிப்போர்ட், அதாவது மென்பொருளில் கண்ட பிழையை விளக்கும் குறிப்பு, எழுதுங்கள். நான் ஒரு இலவச அக்கவுன்டிங் மென்பொருளுக்கு எட்டு மாதத்தில் முப்பது ரிப்போர்ட் எழுதினேன். ஒன்றுக்கும் காசு வரவில்லை. ஆனால் இன்டர்வியூவில் அதிகம் பேசியது அவற்றைப் பற்றித்தான். கணக்கர் என்றால் பெயர்களை நீக்கிய ஒரு மாதாந்திர அறிக்கை மாதிரி. சப்போர்ட் வேலை என்றால் கோபமான வாடிக்கையாளருக்கு எழுதிய மூன்று பதில்கள். இப்போது இருக்கும் முதலாளியின் ரகசியத்தை மட்டும் மாதிரியாகக் காட்டாதீர்கள். அதைக் காட்டுகிறவரை யாரும் எடுப்பதில்லை.

படி 5: தேடும் இடங்கள்

இதோ, தம்பி கேட்ட லிங்க். வீ வொர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே இரண்டும் ரிமோட் வேலைக்கென்றே உள்ளவை. ஸ்டார்ட்அப் வேண்டுமென்றால் வெல்ஃபவுண்ட். முன்பு ஏஞ்சல்லிஸ்ட் டேலன்ட் என்ற பெயரில் இருந்தது. ஹேக்கர் நியூஸில் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ‘யார் ஆள் எடுக்கிறார்கள்’ என்று ஒரு இழை வரும், அதில் ரிமோட் என்று தேடுங்கள். லிங்க்ட்இன் தெரியாதவர் இல்லை.

இவற்றைவிட எனக்குப் பலன் தந்தது வேறு. ரிமோட்டாகவே வளர்ந்த கம்பெனிகள் இருக்கின்றன: கிட்லாப், வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக், ஜாப்பியர், உபுண்டு செய்யும் கனானிக்கல் போல. இவற்றிலிருந்தும் உங்கள் துறையிலிருந்தும் இருபது பெயரை ஒரு ஷீட்டில் எழுதி, அவர்கள் சொந்த வேலைப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். விளம்பரம் வந்த இரண்டு நாளுக்குள் அனுப்பிய விண்ணப்பத்துக்கும் மூன்று வாரம் கழித்து அனுப்பியதற்கும் வித்தியாசம் உண்டு. வாரத்துக்கு இரண்டு விண்ணப்பம் போதும். நாளைக்கு இருபது போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்தும் அவர்கள் நாளைக்கு இருபதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

படி 6: அந்த ஒரு கடிதம்

முதல் வருஷம் நான் அனுப்பியதெல்லாம் இப்படித்தான் தொடங்கும்: ‘மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், தங்கள் புகழ்மிக்க நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன்.’ நாற்பது அனுப்பி இரண்டு பதில் வந்தது. இரண்டும் இயந்திரம் எழுதியவை.

வேலை வாங்கித் தந்த கடிதத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இது:

"உங்கள் பில்லிங் ஆப்பின் இலவசப் பதிப்பை இரண்டு நாள் பயன்படுத்தினேன். இன்வாய்ஸ் தேதியை மாற்றிவிட்டு முந்தின பக்கத்துக்குப் போனால், வரித்தொகை பழைய தேதியின் விகிதத்திலேயே நிற்கிறது. ஆண்ட்ராய்டு போனில் குரோமில் மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் வந்தது. லேப்டாப்பில் வரவில்லை. படிகளும் நாற்பது வினாடி வீடியோவும் கீழே. ஒன்பது வருஷமாக இந்த மாதிரி பணக் கணக்கு மென்பொருளைத்தான் சோதிக்கிறேன். பெங்களூரில் இருக்கிறேன்; உங்கள் நேரம் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை இருப்பேன். கான்ட்ராக்டராகவோ ஈ.ஓ.ஆர். வழியாகவோ சேர முடியும்."

முழுக் கடிதமே இவ்வளவுதான். புகழ்ச்சி இல்லை, என் ‘பேஷன்’ பற்றி இல்லை. கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். அவர்கள் மனதில் முதலில் எழும் இரண்டு கவலை, நேரம் ஒத்துவருமா, சட்டப்படி எப்படிச் சம்பளம் கொடுப்பது என்பவை. கேட்பதற்கு முன்பே இரண்டுக்கும் பதில் வைத்தாயிற்று. மறுநாள் மதியம் அந்த பக்கைத் திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. வேலையைப் பற்றி அடுத்த வாரம்தான் பேசினார்கள்.

படி 7: இன்டர்வியூ

பெரும்பாலும் நான்கு சுற்று. நடுவில் ஒரு வீட்டுப் பாடம் வரும். நாலைந்து மணி நேரத்தில் முடிகிற வேலை என்றால் செய்யலாம். ஒரு வாரத்து வேலையை இலவசமாகக் கேட்டால் ‘இதற்குப் பணம் உண்டா’ என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக் போன்ற இடங்களில் சோதனை வேலைக்குக் காசு கொடுப்பதே நடைமுறை.

இப்போது என் முட்டாள்தனம் ஒன்று. பெர்லின் நேரம் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. நமக்கு மதியம் 2.30 என்று குறித்து வைத்திருந்தேன். மார்ச் மாதக் கடைசித் திங்கள்கிழமை. இரண்டு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தால், "அரை மணி நேரமாகக் காத்திருக்கிறோம், வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா" என்று மெயில். முந்தின நாள், மார்ச் கடைசி ஞாயிறு, ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறது. 2.30 என்பது 1.30 ஆகிவிட்டது. நம் கடிகாரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதால் இது உறைப்பதே இல்லை. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு; அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். காலண்டரில் அவர்கள் ஊர் நேரத்திலேயே பதிவு செய்யுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

மெயிலுக்கு மூன்று வரியில் பதில் போட்டேன்: கடிகார மாற்றத்தைக் கவனிக்காதது என் தவறு, இனி காலண்டர் உங்கள் நேரத்தில் இருக்கும், நாளை எந்த நேரமானாலும் சரி. வேறு நாள் கொடுத்தார்கள். பெஸ்காம் (பெங்களூருக்குக் கரன்ட் தரும் நிறுவனம்), ட்ராஃபிக், உடம்பு சரியில்லை என்று கதை கட்டியிருந்தால் கொடுத்திருப்பார்களா, சந்தேகம்தான்.

பெஸ்காம் என்றதும் ஞாபகம் வருகிறது: மழைக்கு முந்தின மாதங்களில் கரன்ட் போவது நிச்சயம். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ்., இரண்டாவது இணைப்பாகப் போன் ஹாட்ஸ்பாட். இது போதும்.

பேசும்போது எல்லாவற்றுக்கும் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டாதீர்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம். நம்மைப் பற்றி அங்கே இருக்கும் பெரிய புகாரே, முடியாததையும் முடியும் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காணாமல் போவார்கள் என்பதுதான்.

படி 8: எவ்வளவு கேட்பது

இப்போதைய சி.டி.சி.யை, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகையை, சொல்லாதீர்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று அவர்கள் நாணயத்தில் கேளுங்கள். கிட்லாப் போன்ற சில கம்பெனிகள் ஊரைப் பொறுத்து சம்பளத்தை மாற்றும், சில மாற்றாது, நேரடியாகவே கேட்கலாம்.

கான்ட்ராக்டர் என்றால் இந்தக் கணக்கைப் போடுங்கள். இங்கே வருஷத்துக்கு 18 லட்சம் சி.டி.சி. என்று வைத்துக்கொள்வோம். அதில் முதலாளி போடும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கிறது. லீவும் பண்டிகையும் சேர்த்து 30 நாள் என்றால், 260 வேலை நாளில் அது 11.5 சதவீதம். லேப்டாப், நாற்காலி, இணையம், ஆடிட்டர் ஃபீஸ் இனி உங்கள் கைக்காசு. ஒரு மாத நோட்டீஸில் அனுப்பிவிடும் ஆபத்துக்கும் ஒரு விலை போட வேண்டும். என் கணக்கில் 18 லட்சத்துக்குச் சமம் 24, 25 லட்சம். அதற்குக் கீழே என்றால் பெயர்தான் வெளிநாட்டு வேலை.

படி 9: கையெழுத்துக்கு முன்

முதல் கான்ட்ராக்டில் நான் தொகையை மட்டும் பார்த்தேன். ஒரு சின்ன வெளிநாட்டு ஏஜென்சி. இன்வாய்ஸ் அனுப்பினால் எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. மூன்றாம் மாதம் ‘எங்கள் கிளையன்ட் எங்களுக்குத் தரவில்லை’ என்றார்கள். நாலாம் மாதமும் அதே. பாதிப் பணம் வந்தது, மீதி வரவேயில்லை. அந்த நாட்டில் போய்க் கேஸ் போடும் செலவு பாக்கித் தொகையைவிட அதிகம். அன்றிலிருந்து என் விதி: எத்தனை நாளில் பணம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு இன்வாய்ஸ், ஒரு இன்வாய்ஸ் தாமதமானால் அடுத்த வேலை நிற்கும்.

மற்றவை: இரு தரப்புக்கும் நோட்டீஸ் எவ்வளவு, நீங்கள் செய்ததன் உரிமை பணம் வந்த பிறகுதான் மாறுமா, வேறு கிளையன்ட் எடுக்கலாமா, எந்த நாட்டுச் சட்டம். ‘விலகிய பிறகு இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது’ என்று இருந்தால் ரொம்பப் பயப்பட வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. ஆனால் இங்கே வேலையில் இருந்துகொண்டே ராத்திரி இன்னொரு வேலை பார்க்கலாம் என்று நினைத்தால் பயப்படுங்கள். 2022-இல் இப்படி இரண்டு இடத்தில் வேலை பார்த்த 300 பேரை விப்ரோ நீக்கியதாக அதன் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு இடத்தில் பி.எஃப். விழுந்தால், எல்லா வேலைக்கும் பொதுவான உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-ஏ காட்டிக்கொடுத்துவிடும்.

வேலைக்கு முன் உங்களிடம் பணம் கேட்கிறவர், டெலிகிராமில் மட்டும் இன்டர்வியூ வைக்கிறவர், ஆதார் ஓ.டி.பி. கேட்கிறவர், லேப்டாப் டெபாசிட் என்கிறவர், எல்லோரும் திருடர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

படி 10: உங்கள் பெயர்

இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. தமிழர்களுக்கே உரிய சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். ஆகவே அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும். பாஸ்போர்ட்டில் சிலருக்குக் கடைசிப் பெயர்க் கட்டமே காலி. பேங்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். நான்கு ஆவணத்தில் நான்கு மனிதர்கள்.

என் முதல் சம்பளம் பதினோரு நாள் அந்தரத்தில் நின்றதற்கு இதுதான் காரணம். இன்வாய்ஸில் இனிஷியலோடு எழுதியிருந்தேன், பேங்க் கணக்கில் அப்பா பெயர் விரிவாக. பணம் அனுப்பும் நிறுவனம் இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டு நிறுத்திவிட்டது. அதனால் விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே பான் கார்டில் உள்ள வடிவத்துக்கு பேங்க் கணக்கை மாற்றிவிட்டு, ஒப்பந்தம், இன்வாய்ஸ், பேமென்ட் தளம் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதையே போடுங்கள். ஒரு பக்கவிளைவு உண்டு: ஆபீஸில் என்னை முதல் இரண்டு மாதம் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். போனில் சொன்னதும் அப்பாவுக்கு ஏக சந்தோஷம், "அப்ப சம்பளத்தையும் எனக்கே அனுப்பச் சொல்லு" என்றார்.

படி 11: பணம் வரும் வழி

இன்வாய்ஸில் வரிசை எண், தேதி, பான் கார்டுப் பெயர், முகவரி, எந்த மாதத்துக்கான எந்த வேலை, தொகை எந்த நாணயத்தில், கடைசித் தேதி, கணக்கு எண், பேங்கின் ஸ்விஃப்ட் கோடு இருக்க வேண்டும். ‘சர்வீசஸ்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘சாஃப்ட்வேர் டெஸ்டிங் ஆலோசனை, ஜூன் மாதம்’ என்று எழுதுங்கள். பணம் வரும்போது, அது எதற்காக வருகிறது என்று காட்டும் பர்ப்பஸ் கோடை பேங்க் கேட்கும். சாஃப்ட்வேர் ஆலோசனைக்கு பி0802, மேலாண்மை ஆலோசனைக்கு பி1006. ‘குடும்பப் பராமரிப்பு’ என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டால் பிறகு ஜி.எஸ்.டி.யில் அது ஏற்றுமதி என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு தொகைக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்று வாங்கி ஒரு ஃபோல்டரில் போடுங்கள்.

பேங்க் வழியாக ஸ்விஃப்ட், வைஸ், பேயோனியர், பேபால் எனப் பல வழி. ஃபீஸை மட்டும் ஒப்பிடாதீர்கள். எந்த மாற்று விகிதத்தில் ரூபாயாக்குகிறார்கள் என்பதில்தான் அதிகம் போகிறது. கையில் வந்த ரூபாயை இன்வாய்ஸ் தொகையால் வகுத்து, அதே நாள் கூகுள் காட்டும் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்கக் கம்பெனி என்றால் டபிள்யூ-8பென் என்ற படிவம் கேட்கும். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்ற உறுதிமொழி அது. இந்தியாவில் உட்கார்ந்து செய்த வேலைக்கு அமெரிக்காவில் வரி பிடிக்கக் காரணமில்லை. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டு டிசம்பர் வரை செல்லும்.

படி 12: வரி

ஈ.ஓ.ஆர். என்றால் டி.டி.எஸ். பிடித்து ஃபார்ம் 16 வந்துவிடும், ஷேர் பற்றிய கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

கான்ட்ராக்டருக்கு பெரிய வசதி, ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லும் அனுமான வரிமுறை. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு, வருட வரவு 50 லட்சத்துக்குள் என்றால், பாதியை லாபமாகக் காட்டி அதற்கு மட்டும் வரி கட்டலாம். ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்கு மிகாவிட்டால் வரம்பு 75 லட்சம்; நமக்கு எல்லாம் பேங்க் வழிதான். கணக்குப் புத்தகத் தொல்லை இல்லை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண் மாறுகிறது, முறை அதேதான். எல்லாத் தொழிலும் இதில் அடங்காது. உங்கள் தொழில் வருமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். டி.டி.எஸ். பிடிக்க யாரும் இல்லாததால் அட்வான்ஸ் வரி நீங்களே கட்ட வேண்டும். இந்த முறையில் மார்ச் 15-க்குள் ஒரே தவணை. முதல் வருஷம் நான் மறந்து வட்டி கட்டினேன். அதற்குப் பிறகு, கான்ட்ராக்டராக இருந்தவரை, ஒவ்வொரு வரவிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுவேன்.

சேவை வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. வெளிநாட்டுக்குச் செய்யும் வேலை ஏற்றுமதி. வரி விகிதம் பூஜ்யம். ஆனால் அதற்கு எல்.யு.டி. என்ற உறுதிப்பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் முதலில் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

கம்பெனி ஷேர் ஏதாவது கொடுத்திருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். அந்த அட்டவணை சின்ன படிவங்களான ஐ.டி.ஆர்.-1, 4-இல் கிடையாது.

படி 13: ஹவுஸ் ஓனரும் பேங்க் மேனேஜரும்

வேலையெல்லாம் கிடைத்தாயிற்று. பெங்களூரில் வீடு மாற்றும்போதுதான் அடுத்த பரீட்சை. "யாவ கம்பெனி?" என்று ஓனர் கேட்பார். பெயர் சொன்னால் தெரியாது. "ஆபீஸ் எல்லி?" என்பார். வீட்டில்தான் என்றால் முகம் மாறும். கான்ட்ராக்டருக்கு ஐ.டி. கார்டு இல்லை, ஆஃபர் லெட்டரும் இல்லை. நான் இப்போது ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன்: ஒப்பந்தத்தின் முதல் பக்கம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், இரண்டு வருட ஐ.டி. ரிட்டர்ன், வருமானத்தை உறுதி செய்து ஆடிட்டர் லெட்டர்ஹெட்டில் கொடுத்த கடிதம். வீட்டுக் கடன் கேட்டுப் போனபோதும் இதே ஃபைலைத்தான் கேட்டார்கள், ரிட்டர்ன் மட்டும் மூன்று வருடத்துக்கு. ஆகவே கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், சம்பளச் சீட்டு இருக்கும்போதே வாங்கிவிட்டு வேலையை விடுங்கள். இல்லாவிட்டால் மூன்று ரிட்டர்ன் சேரும் வரை பொறுத்திருங்கள்.